காது கேட்காத என்ஜின்

கெடாவின் குரூண் பட்டணத்தைத் தாண்டி ஜெராய் மலைமேல் ஏறும் பாதையில் பழைய கார் ஓட்டியவர்களுக்கு அந்தச் சத்தம் தெரிந்திருக்கும். 1217 மீட்டர் உயரமுள்ள மலை. பாதை குறுகல், வளைவுக்கு வளைவு ஏற்றம். 1985-இல் வெளிவந்த முதல் தலைமுறை புரோட்டோன் சாகா ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் பாட்டியும் மூன்று பிள்ளைகளும், பின்பெட்டியில் புளிச்சோற்று அடுக்கு. கியரைக் குறைக்காமல் மூன்றாவதிலேயே ஓட்டுநர் எண்ணெயை மிதிக்கிறார். கார் திணறுகிறது. அப்போது என்ஜினுக்குள்ளிருந்து, பால் டின்னில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போல ‘கிணிகிணி’யென்று ஒரு சத்தம் கிளம்பும். விவரம் தெரிந்தவர் காலைத் தளர்த்தி இரண்டாவது கியருக்கு மாறுவார். சத்தம் அடங்கும்.

இன்று அதே ஏற்றத்தில் போகும் மைவியிலோ வியோசிலோ அந்தச் சத்தம் அநேகமாகக் கேட்பதில்லை. என்ஜினுக்கே ஒரு காது வைத்துவிட்டார்கள். நமக்கு எட்டுவதற்கு முன்பே அது சத்தத்தைக் கேட்டு, கணினியிடம் சொல்லி, அடக்கிவிடுகிறது. அந்தக் காதில் கோளாறு வந்தால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். சுங்கை பட்டாணியிலோ பீடோங்கிலோ ஒரு போர்மேனிடம் கொண்டுபோனால், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனைத் துளையில் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, “நாக் சென்சார் அடிச்சிருக்குண்ணே, பி-0325” என்பார்.

இந்தக் குறியீட்டை இரண்டு விதமாகத் தவறாக வாசிக்கிறார்கள். என்ஜின் தட்டுகிறது, பிஸ்டன் போகப்போகிறது என்று பயந்துகொள்பவர்கள் ஒரு வகை. சென்சார் செத்துவிட்டது, புதிதாக ஒன்று வாங்கிப் போட்டால் முடிந்தது என்று நினைப்பவர்கள் இன்னொரு வகை. குறியீடு இந்த இரண்டையும் சொல்லவில்லை. “காதிலிருந்து எனக்கு வரவேண்டிய சேதி ஒழுங்காக வரவில்லை” என்று கணினி சொல்கிறது, அவ்வளவுதான். கோளாறு காதில் இருக்கலாம், நரம்பில் இருக்கலாம், காது ஒட்டியிருக்கும் இடத்தில் இருக்கலாம். எங்கே என்று தேடுவது மனிதர் வேலை. தேடத் தெரியாமல் சாமானை மாற்றி மாற்றிக் காசு கரைக்கும் குடும்பங்கள் தோட்டப்புறங்களில் உண்டு என்பதால்தான் இந்த அத்தியாயத்தை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சத்தம் எதனால் வருகிறது என்று பார்ப்போம். பட்டறையில் நாக்கிங் என்பார்கள். நான் தட்டல் என்கிறேன்.

பெட்ரோல் என்ஜினுக்குள் நடப்பது வெடிப்பு என்று பள்ளியில் படித்திருப்போம். ஒழுங்காக ஓடும் என்ஜினில் அது வெடிப்பு அல்ல, பரவும் தீ. காய்ந்த லாலாங் காட்டின் ஒரு ஓரத்தில் நெருப்பு வைத்தால், தீயின் கோடு புல்லைத் தின்றுகொண்டே மறு ஓரத்துக்கு நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். சிலிண்டருக்குள்ளும் அப்படித்தான். பிளக் பொறி விடுகிறது. தீயின் முகம் அங்கிருந்து கிளம்பி வாயுக் கலவையை எரித்துக்கொண்டே சுவரை நோக்கிப் போகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் என்ஜினில் ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடி. எரிதல் சுமார் 45 பாகைச் சுழற்சிக்குள் முடிந்தாக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், தீக்குக் கிடைக்கும் நேரம் இரண்டரை மில்லி நொடி. அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பாகவே பொறி விடுகிறார்கள். அழுத்தம் உச்சத்தை எட்டும் நேரமும் பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கியிருக்கும் நேரமும் பொருந்த வேண்டும்.

இப்போது லாலாங் காட்டின் மறுமுனையைப் பாருங்கள். தீ அங்கே இன்னும் போய்ச் சேரவில்லை. ஆனால் சிலிண்டருக்குள் அந்த மூலையில் இருக்கும் கலவையைக் கீழிருந்து பிஸ்டன் நெருக்குகிறது. பின்னாலிருந்து, ஏற்கெனவே எரிந்து விரிந்த வாயுவும் நெருக்குகிறது. நெருக்க நெருக்கச் சூடேறும். சூடு ஓர் எல்லையைத் தாண்டினால், தீ வந்து தொடுவதற்கு முன்பே அந்த மூலைக் கலவை முழுவதும் தானாகவே ஒரே கணத்தில் பற்றிக்கொள்ளும். பரவ நேரமில்லாமல் எரிந்ததால் அழுத்தம் அந்த இடத்தில் மட்டும் எகிறி, ஓர் அலையாகச் சிலிண்டர் முழுக்க முன்னும் பின்னும் மோதுகிறது. நொடிக்கு ஏறத்தாழ 950 மீட்டர் வேகம். கூழாங்கல் சத்தம் இதுதான்.

சத்தம் மட்டுமென்றால் பரவாயில்லை. எரிவாயுவின் வெப்பம் 2000 பாகை செல்சியஸுக்கும் மேலே. பிஸ்டன் அலுமினியக் கலவை. 600 பாகையை எட்டும் முன்பே உருகத் தொடங்கிவிடும். இருந்தும் பிஸ்டன் உருகாமல் இருப்பதற்குக் காரணம், அதன் மேற்பரப்பை ஒட்டி மெல்லிய படலமாக நிற்கும் ஒப்பீட்டளவில் குளிர்ந்த வாயு. தட்டலின் அலை அந்தப் படலத்தைத் துடைத்து எடுத்துவிடுகிறது. போர்வையை உருவியது போல வெப்பம் நேரே உலோகத்தில் இறங்குகிறது. கடுமையான தட்டல் நீடித்தால் பிஸ்டன் விளிம்பு அரித்துப்போகும், வளையங்களைத் தாங்கும் மேடுகள் உடையும்.

மலை ஏற்றத்தில் குறைந்த சுற்றில் எண்ணெயை மிதிப்பது ஏன் ஆபத்து என்பது இப்போது புரியும். சிலிண்டர் நிறையக் கலவை. அதனால் அழுத்தம் அதிகம். சுற்று குறைவு, அதனால் மூலைக் கலவை சூட்டில் வேக நேரமும் அதிகம். ஜெராய் உச்சியை நெருங்கும்போது காற்றழுத்தம் அடிவாரத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால் தட்டலும் சற்றுத் தணியும். வேதனை முழுக்க அடிவார வளைவுகளில்தான்.

இந்தத் தட்டலை முதலில் துரத்தியவர்களின் கதை, தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்நியமாக இருக்காது. அமெரிக்காவின் டேட்டன் நகரில், பண்ணை வீடுகளுக்கு விளக்கெரிக்கும் சிறு ஜெனரேட்டர்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அவை மோசமாகத் தட்டின. தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியாளர் 1916-இல் இதை ஆராய்ந்தார். எரிபொருளுக்குச் சிவப்பு நிறம் ஊட்டினால் வெப்பத்தை விரைவாக உறிஞ்சும், தட்டல் குறையும் என்று எண்ணினார். கையில் சாயம் இல்லாததால் அயோடினைக் கலந்தார். தட்டல் குறைந்தது. பிறகு உண்மையான சிவப்புச் சாயங்களைக் கலந்து பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. நிறத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை; அயோடின் என்ற பொருளின் வேதியியல்தான் வேலை செய்திருந்தது. பிழையான கருத்திலிருந்து பிறந்த அந்தத் தேடல் 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் ஈயத்தில் போய் நின்றது. தட்டலை அடக்கும் மலிவான மருந்து. அது மனித மூளைக்கு நஞ்சு. தயாரித்த ஆலைகளில் 1924-இலேயே தொழிலாளர்கள் அதனால் இறந்தார்கள். அப்படியிருந்தும் உலகம் முழுக்கக் கார்களின் பெட்ரோலிலிருந்து ஈயம் ஒழிய 2021 வரை ஆயிற்று. கடைசியாக விட்ட நாடு அல்ஜீரியா. ஒரு நூற்றாண்டுக் காலம் குழந்தைகள் சுவாசித்த ஈயத்தை நினைத்தால், தட்டலை நஞ்சில்லாமல் அடக்கும் கருவியின் அருமை இன்னும் கூடுகிறது.

எண்ணெய் நிலையத்தில் பார்க்கும் ரான் 95, ரான் 97 என்ற எண்களும் அதே காலத்துப் பிறவிகள். ஹெப்டேன் என்பது நேர்ச்சங்கிலி மூலக்கூறு. அழுத்தினால் சட்டென்று தானே பற்றும். அதற்கு மதிப்பு 0. ஐசோ ஆக்டேன் கிளைவிட்ட மூலக்கூறு. எளிதில் தானே பற்றாது. அதற்கு 100. ரான் 95 பெட்ரோல் என்றால் அதில் 95 விழுக்காடு ஐசோ ஆக்டேன் இருக்கிறது என்று பொருளல்ல. 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை ஒரு சோதனை என்ஜினில் எந்த அளவு தட்டலைத் தாங்குமோ அந்த அளவு தாங்கும் என்று பொருள். மலேசியாவில் 2009-இல் ரான் 92 போய் ரான் 95 அடிப்படை எண்ணெயானது. 2021 பிப்ரவரியிலிருந்து பல ஆண்டுகள் அது லிட்டருக்கு 2 வெள்ளி 5 காசில் நின்றதால் 97-ஐத் தேடிப் போனவர்கள் குறைவு. 97-இல் ‘பவர்’ கூட என்ற நம்பிக்கை மட்டும் போகவில்லை. தட்டலைத் தாங்கும் திறனைத் தவிர அந்த எண் எதையும் அளப்பதில்லை. 95-க்கு வடிவமைத்த என்ஜினில் 97-ஐ ஊற்றுவதால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. காதிலிருந்து சேதி போகாத என்ஜினில் அந்தக் கூடுதல் காசு இன்னும் வீண்; ஏன் என்று பின்னால் வரும்.

சத்தத்துக்கு ஒரு சுருதி உண்டு. தைப்பூசத்தில் உருமி மேளக் குழுவோடு நடந்தவர்களுக்குத் தெரியும்: அகன்ற முகத்துக்குக் கனத்த ஒலி, சிறிய முகத்துக்குக் கூர்மையான ஒலி. சிலிண்டருக்குள் அடைபட்ட வாயுவும் அப்படியே. வட்டத்தின் விட்டம் தெரிந்தால் தட்டலின் சுருதியைக் காகிதத்திலேயே கணக்கிட்டுவிடலாம். 1930-களில் இதைச் செய்து காட்டியவர்களில் ஒருவர் சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர். பிற்பாடு அப்போலோ விண்கலங்களை நிலவுக்கு வழிநடத்திய கருவிகளை உருவாக்கியது இவருடைய ஆய்வகம்தான். சூத்திரம் எளிது: வாயுவில் ஒலியின் வேகத்தை 1.841-ஆல் பெருக்கி, விட்டத்தையும் பை (π) என்ற எண்ணையும் பெருக்கிவந்த எண்ணால் வகுக்க வேண்டும். 2005-இல் வந்த முதல் மைவியின் 1.3 லிட்டர் என்ஜினில் சிலிண்டர் விட்டம் 72 மில்லிமீட்டர். ஒலியின் வேகத்தை 950 என்று வைத்தால் கிடைப்பது சுமார் 7700 ஹெர்ட்ஸ். பழைய வியோசின் 1.5 லிட்டர் என்ஜினுக்கு விட்டம் 75, சுருதி 7400. குரூணிலேயே தயாரான மோடனாஸ் கிரிஸ் கப்சாய்க்கு விட்டம் 53. அது தட்டினால் சுமார் 10,500. சின்ன மேளம், உயர்ந்த சுருதி.

இந்த எண்கள் எனக்கு ஒரு மனிதக் கூட்டத்தை நினைவூட்டுகின்றன. தோட்டத்துப் பால் ஆலைகளிலும் ஜெனரேட்டர் கொட்டகைகளிலும் வேலை பார்த்த பிட்டர்கள். நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை ஓடும் இயந்திரத்தின் மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பார்கள். காற்றில் கரைந்துவிடும் ஒலி இரும்பு வழியே நேராகக் காதெலும்புக்கு வரும். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று விரல் வைத்துச் சொல்வார்கள். ஆனால் ரப்பர் உருளைகளின் இரைச்சலில் ஆண்டுக்கணக்கில் நின்றவர்களின் காது முதலில் இழப்பது 3000-லிருந்து 6000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர்ந்த ஒலிகளை. வயது ஏற ஏற அதற்கும் மேலே உள்ளவை மங்கும். தட்டல் ஒலிக்கும் இடமும் அதுதான். அறுபது வயது பிட்டரின் அனுபவம் அப்படியே இருக்கும். அந்தச் சுருதி மட்டும் அவரை எட்டாது. நாக் சென்சார் என்பது அந்த ஸ்குரூடிரைவரும், என்றும் மங்காத ஒரு காதும் சேர்ந்தது.

அந்தக் காதின் பூர்வீகத்தில் இலங்கைக்கும் பங்கு உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன மணிக்கற்களில், சூடாக்கினால் சாம்பலைத் தன்பால் இழுக்கும் கல் ஒன்று இருந்தது. தோரமல்லி என்ற சிங்களப் பெயர் டூர்மலின் ஆயிற்று. சாம்பலை இழுத்தது சூட்டால் பிறந்த மின்சாரம். அப்படிப்பட்ட கல்லை அழுத்தினாலும் மின்சாரம் பிறக்குமா என்று கேட்டவர்கள் ஷாக், பியர் கியூரி சகோதரர்கள். 1880-இல் டூர்மலின், குவார்ட்ஸ் போன்ற படிகங்களை அழுத்தி, பிறப்பதை நிறுவினார்கள். இதுவே அழுத்தமின் விளைவு.

இன்றைய சென்சாருக்குள் டூர்மலின் இல்லை. அதே குணமுள்ள ஒரு செயற்கைப் பீங்கான் வளையம் இருக்கிறது. வளையத்தின் மேல் ஒரு உலோக எடைக்கட்டி. நடுத்துளை வழியே ஒரு போல்ட் இரண்டையும் என்ஜின் உடலோடு இறுக்குகிறது. உடல் அதிரும்போது எடைக்கட்டி தன் சோம்பலால் பின்தங்கி வளையத்தை நசுக்கும், விடும், நசுக்கும். நசுங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துளி மின்னழுத்தம். வழக்கமான ஒரு சென்சாரில், புவியீர்ப்பு முடுக்கம் ஒரு மடங்கு அளவுள்ள அதிர்வுக்குச் சுமார் 26 மில்லிவோல்ட். பேட்டரி கேட்காது, வெளிச்சக்தி கேட்காது. தானே பேசும் கல். 1978-இல் பியூக் நிறுவனத்தின் டர்போ வி6 கார்களில் இப்படிக் கேட்டுப் பொறியை நிதானிக்கும் முறை வந்தது. 1980-களின் தொடக்கத்தில் சுவீடனின் சாப், தட்டலைக் கேட்டு டர்போ அழுத்தத்தைக் குறைக்கும் முறையைக் கொண்டுவந்தது. பிறகு இந்தக் காது சாதாரணக் குடும்பக் கார் வரை இறங்கிவிட்டது.

கேட்பது எளிது, எதைக் கேட்பது என்பதுதான் கடினம். என்ஜினுக்குள் வால்வுகள் அடித்து மூடுகின்றன, பிஸ்டன் சுவரில் உரசுகிறது, சங்கிலி ஓடுகிறது. இந்தச் சந்தடியில் தட்டலைப் பிரித்தெடுக்கக் கணினி மூன்று காரியம் செய்கிறது. அந்த என்ஜினின் சுருதியை ஒட்டிய ஒலிகளை மட்டும் வடிகட்டுகிறது. பொறி விட்டு எரிதல் நடக்கும் சிறு ஜன்னல் நேரத்தில் மட்டும் செவிகொடுக்கிறது. மற்ற நேரத்துச் சத்தத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. கடந்த பல சுற்றுகளின் சராசரிச் சத்தத்தோடு ஒப்பிட்டு, அதைவிடத் துள்ளி எழுந்தால் தட்டல் என்று முடிவு செய்கிறது. கிராங்க் எந்தப் பாகையில் நிற்கிறது என்று தெரிவதால், ஒரே காதை வைத்துக்கொண்டே எந்தச் சிலிண்டர் தட்டியது என்றும் கண்டுவிடும். உடனே அந்தச் சிலிண்டருக்குப் பொறியைச் சில பாகை தாமதப்படுத்தும். அமைதியானால் கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்குக் கொண்டுவரும். மீண்டும் தட்டும் விளிம்பு வரை போய்ப் பார்க்கும். நல்ல எரிபொருளும் நல்ல காதும் உள்ள என்ஜின், அந்த விளிம்பில் நின்றுதான் தன் முழுப் பலத்தையும் தருகிறது.

இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல் வருவது. காது பழுதாகிவிட்டது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? கேட்காத காது, “கேட்கவில்லை” என்று சொல்லாதே! அமைதியைக் கொண்டுதான் கண்டுபிடிக்கிறது. ஓடும் என்ஜின் ஒருபோதும் மௌனமாக இருக்காது. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல், குறிப்பிட்ட பாரத்தில், காதிலிருந்து குறைந்தபட்ச இரைச்சலாவது வந்தே ஆகவேண்டும். அது வரவில்லை என்றால் என்ஜின் சாந்தமாகிவிட்டது என்று கணினி எடுத்துக்கொள்வதில்லை. சேதி வரும் வழி அறுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. இதற்கு மேல் கம்பியில் ஒரு சிறு மின்னழுத்தத்தை நிறுத்திவைத்து, கம்பி அறுந்ததா, உடலில் உரசுகிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொள்ளும் கார்களும் உண்டு.

சந்தேகம் உறுதியானதும் குறியீடு பதிவாகும். பி என்றால் என்ஜினும் கியரும் சேர்ந்த ஓட்டப்பகுதி. அடுத்த 0, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு என்பதைக் காட்டும். 3 என்பது பொறி தொடர்பான குடும்பம். 25, முதல் நாக் சென்சாரின் மின்சுற்று. சுற்று என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 26 என்றால் சேதி வருகிறது, ஆனால் நம்பும்படியாக இல்லை. 27 என்றால் சேதி வரவேண்டியதைவிடத் தாழ்ந்து வருகிறது. 28 உயர்ந்து வருகிறது. 29 விட்டுவிட்டு வருகிறது. குறியீட்டைச் சொல்லும்போது கடைசி எண் வரை கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பதிவு செய்தபின் கணினி ஒரு முன்னெச்சரிக்கை எடுக்கிறது. கேட்க முடியாத நிலையில் விளிம்பில் நிற்பது ஆபத்து என்பதால், பொறியை நிரந்தரமாகவே தாமதப்படுத்திவிடும். கார் ஓடும். ஏற்றத்தில் இழுவை குறையும், எண்ணெய் கூடக் குடிக்கும். ரான் 97 ஊற்றினாலும் பயனில்லை என்று முன்னால் சொன்னதற்குக் காரணம் இதுதான்: எண்ணெய் எவ்வளவு தாங்கினாலும் அதைக் கேட்டறிந்து பொறியை முன்னுக்குக் கொண்டுவர ஆளில்லை. பி-0325 எரியும் காரை ஓட்டி வீடு போய்ச் சேரலாம். மாதக்கணக்கில் அப்படியே விட்டுவைக்கக் கூடாது.

இனித் தேடல். முதல் காரியம், குறியீட்டை அழிக்காமல் இருப்பது. குறியீடு விழுந்த கணத்தில் என்ஜின் என்ன சுற்றில் ஓடியது, தண்ணீர்ச் சூடு எவ்வளவு, பாரம் எவ்வளவு என்று கணினி ஒரு படம் பிடித்து வைத்திருக்கும். அழித்தால் அந்தப் படமும் போகும். ‘கிளியர் பண்ணிட்டேன், லைட் போச்சு’ என்று திருப்பி அனுப்புவது வைத்தியம் ஆகாது.

அடுத்தது கம்பி. கெடாவில் இதை முதலில் பார்க்கச் சொல்வேன். செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழத்துக்கும் மூடா வயல்களில் நெல்லுக்கும் எலி வராத இடமில்லை. எலியைப் பிடிக்கவே பல செம்பனைத் தோட்டங்களில் கூண்டுப்பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். எலியின் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. கடித்துத் தேய்த்தே ஆகவேண்டும். இரவு நிறுத்திய காரின் வெதுவெதுப்பான என்ஜின் அறை அதற்குத் தோதான இடம். நாக் சென்சார் பல கார்களில் காற்றுக்குழாய்த் தொகுதிக்கு அடியில், கைக்கு எட்டாத மூலையில் இருப்பதால் கடித்த இடம் கண்ணுக்குப் படாது.

அறுந்த கம்பியை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றினால் விளக்குக் கம்பிக்குப் போதும்; இதற்குப் போதாது. பீங்கானிலிருந்து வருவது மில்லிவோல்ட். பக்கத்திலேயே பொறிச்சுருளில் பாய்வது பல்லாயிரம் வோல்ட். அந்தப் புயலில் இந்த முணுமுணுப்பு கேட்க வேண்டுமென்றே, பல கார்களில் இந்தக் கம்பியைச் சுற்றி ஒரு உலோக வலையுறை போட்டிருக்கிறார்கள். உறை அறுந்துபோய் உள்கம்பியை மட்டும் ஒட்டினால், காது சேர்ந்துவிடும், அதோடு ஊர்ச் சத்தமும் சேர்ந்துவிடும். சில நாளில் குறியீடு திரும்பி வரும். இரண்டாவது சென்சாரும் மூன்றாவது சென்சாரும் வீணாவது இந்த இடத்தில்தான். உறையுள்ள கம்பியையே போட்டு, உறையை ஒரு முனையில் மட்டும், முன்பு இருந்தது போலவே, தரையிணைப்புச் செய்ய வேண்டும்.

கனெக்டரைக் கழற்றி உள்ளே எண்ணெயோ பச்சைக் களிம்போ இருக்கிறதா என்று பார்த்தபின் மீட்டரை எடுக்கலாம். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. டொயோட்டாவின் தட்டை வகைச் சென்சாருக்குள் ஒரு மின்தடை உண்டு. அறை வெப்பத்தில் 120-லிருந்து 280 கிலோ ஓம் வரை காட்டினால் நலம். பழைய திருகு வகையில் அந்தத் தடை இல்லை. அதில் முனைக்கும் உடலுக்கும் நடுவே எந்தத் தொடர்பும் காட்டாமல் இருப்பதே நலம். ஒன்றில் நோய் என்பது இன்னொன்றில் ஆரோக்கியம். எந்த வகை என்று தெரியாமல் மீட்டரை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. உருவத்தில் ஒத்துப்போகிறது என்று உள்தடை இல்லாத மலிவுச் சாமானை மாட்டினால், கம்பி அறுந்திருக்கிறது என்றே கணினி நினைக்கும்.

பிறகு போல்ட். தட்டை வகைக்கு வழக்கமான இறுக்கம் 20 நியூட்டன் மீட்டர். தளர்ந்தால் எடைக்கட்டியும் வளையமும் ஒட்டாமல் சேதி மங்கும். வெறியோடு இறுக்கினால் பீங்கான் முன்பே நசுங்கி அதன் பேச்சு மாறும், விரிசலும் விடலாம். சென்சார் உட்காரும் முகத்தில் துரு, பெயின்ட், கசியாமலிருக்கச் சுற்றிய வெள்ளை டேப், கூடுதலாகப் போட்ட வாஷர் எதுவும் கூடாது. பிட்டர் ஸ்குரூடிரைவருக்கும் இரும்புக்கும் நடுவே துணி வைத்துக் கேட்பாரா? இறுக்க அளவு காட்டும் ஸ்பேனர் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

கம்பியும் காதும் சரியாகவே இருந்து, குறியீடு 26 என்று வந்தால், அப்போதுதான் கேட்கப்படும் சத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும். தளர்ந்த தாங்கி ஒன்று தட்டலின் சுருதியில் அதிரலாம். உண்மையாகவே தட்டவும் செய்யலாம்: தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு நாளெல்லாம் சிறு தூரம் ஓடிய என்ஜினில் கரி படிந்து இடத்தை அடைத்திருக்கும், தேய்ந்த வளையங்கள் வழியே மசகெண்ணெய் மேலேறி எரிந்து எரிபொருளின் தாங்கும் திறனைக் குறைத்திருக்கும், தண்ணீர் குறைந்து என்ஜின் சூடேறியிருக்கும்.

காது தட்டலை மட்டுமே கேட்கப் படைக்கப்பட்டது என்றாலும், இன்னொன்றையும் கேட்கக் கற்றுக்கொடுக்க முடியும் என்று அண்மையில் தெரிந்தது. ஹியுண்டாய், கியா நிறுவனங்களின் தீட்டா 2 என்ஜின்கள் சிலவற்றில் கனெக்டிங் ராட் பேரிங் முன்கூட்டியே தேய்ந்தது. அமெரிக்காவில் 2018-லிருந்து அந்தக் கார்களின் கணினிக்குப் புதிய மென்பொருள் ஏற்றினார்கள். சாமான் எதையும் மாற்றவில்லை. இருக்கும் நாக் சென்சாரையே தேயும் பேரிங்கின் அதிர்வைக் கேட்கும்படி செய்தார்கள். கேட்டால் பி-1326 என்று பதிந்து, வேகத்தைக் கட்டுப்படுத்தி, என்ஜின் உடைவதற்கு முன் பட்டறைக்கு அனுப்பும். இந்தச் செய்தியை முதலில் படித்தபோது ஆலைக் கொட்டகையில் பேரிங்கின் மேல் ஸ்குரூடிரைவரை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றவர்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டதும் இதையேதான்.

எல்லாம் பூட்டியபின் குறியீட்டை அழித்து, கருவியைச் செருகியபடியே ஒரு ஓட்டம் போக வேண்டும். என்ஜின் நன்றாகச் சூடாகட்டும். குரூணிலிருந்து மலைப்பாதையின் முதல் சில வளைவுகள் போதும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, பொறி எத்தனை பாகை முன்னே நிற்கிறது என்ற எண்ணைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஏற்றத்தில் மிதிக்கும்போது அந்த எண் சற்று இறங்கி, சமதளம் வந்ததும் மெல்ல ஏறி, குறியீடும் திரும்பி வராமலிருந்தால், கணினி மீண்டும் கேட்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.